பச்சை உடுப்பு

மெல்போர்னுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வைதேகி ஒரு பொய் சொல்லும்படி ஆயிற்று.

அவள் கணவன் செந்தில்நாதன் இந்திய ராணுவத்தில் மேஜர். அங்குள்ள ராணுவப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் பாடம் நடத்த அவனை அனுப்பியிருந்தார்கள். மெல்போர்னின் புறநகரான வெரிபீயில், வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற ஓரத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. சாவியைக் கொடுத்த அதிகாரி வைதேகியையும் உட்கார வைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். வெளியாட்களிடம் கணவரின் வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். சீருடையோடு கடைக்குப் போக வேண்டாம். வீட்டுப் பக்கம் தெரியாத ஆள் நின்றால் கவனித்து வையுங்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வைதேகிக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு முன் இருந்த பதான்கோட்டில் ராணுவக் குவார்ட்டர்ஸைச் சுற்றி முள்கம்பியும் காவலும் இருந்தன. இங்கே தெருவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதிலும் பாதி கண்ணாடி.

முதலில் வந்து பேசியவர் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்கா. ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். குப்பைத் தொட்டியை வைதேகி தவறான நாளில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு இல்லை. நாளைக்குத்தான் எடுப்பாங்கள். தமிழோ நீங்கள்?"

"ஆமாக்கா. வேலூர் பக்கம்."

"உங்கட அவர் என்ன வேலை?"

வைதேகி ஒரு நொடி தடுமாறினாள். "கம்ப்யூட்டர்லக்கா. ஐடி."

"இங்க வாற இந்தியாக்காரர் எல்லாரும் ஐடிதானே" என்று சிரித்தார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வீட்டில் நான்கு பேர். ராஜேஸ்வரியின் கணவர் விக்னராஜா அடிலெய்டுக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் வினுஷா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். நான்காவது ஆள் சஞ்சீவ், ராஜேஸ்வரியின் அக்கா மகன். படகில் வந்தவன். பல வருடங்கள் ஆகியும் அவனுடைய விசா இன்னும் தற்காலிகமாகவே நீண்டுகொண்டிருந்தது. டயர் கடையில் வேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

செந்தில் தினமும் சாதாரண உடையில் போய், பள்ளியில் சீருடை மாற்றிக்கொண்டு, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொண்டு வருவான். மூன்று மாதம் அப்படியே ஓடியது. ராஜேஸ்வரி அக்கா இல்லாவிட்டால் அந்த மாதங்களை வைதேகி எப்படிக் கடந்திருப்பாள் என்று தெரியாது. மகள் ஹரிப்பிரியாவுக்கு எட்டு வயது, இது நான்காவது பள்ளிக்கூடம். அவளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கும் கடையிலிருந்து, ஸ்பிரிங்வேலில் நல்ல மீன் கிடைக்கிற கடைவரை அவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

ஏப்ரல் இருபத்தைந்து அன்று எல்லாம் மாறிப்போனது. போரில் இறந்தவர்களை அந்த நாடு நினைத்துப் பார்க்கும் நாள். இந்திய ராணுவத்தின் சார்பில் செந்தில் விடிகாலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தான். முழுச் சீருடை, மார்பில் பதக்கங்கள். முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தான். அவன் காரிலிருந்து இறங்கவும், ராஜேஸ்வரி அக்கா ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

"வணக்கம்க்கா" என்றான் செந்தில்.

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைத்தான் பார்த்தார். பிறகு பின்னோக்கி நடந்தார். திரும்பி நடக்கவில்லை; அவனைப் பார்த்தபடியே பின்னால் கால் வைத்து, புல்தரை ஓரத்துக் கல்லில் இடறி, சமாளித்து, கத்தரிக்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் வைதேகிக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் வைதேகி போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று நின்றது. யாரும் திறக்கவில்லை. அவள் நிற்பது உள்ளே தெரிகிறது என்பதும், அவள் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் வினுஷாவைத் தெருவில் பிடித்து நிறுத்தினாள். அம்மாவுக்குக் கோபம் இல்லை, பயம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள் வினுஷா. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக்குள் ராணுவம் வந்திருக்கிறது, ஒருமுறை அல்ல, பல முறை.

"எந்த ராணுவம்?" என்று கேட்டாள் வைதேகி. கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று பட்டது.

வினுஷா அவளை நேராகப் பார்த்தாள். இந்த முறை தமிழில் சொன்னாள். "அம்மா அது சொல்ல மாட்டா. பச்சை உடுப்பு எண்டு மட்டும்தான் சொல்லுவா. அவவுக்கு எல்லாம் ஒண்டுதான்."

இதை வைதேகி வீட்டில் செந்திலிடம் சொன்னாள். "நம்ம ஆர்மி அங்க போனப்ப நான் சின்னக் குழந்தை" என்றான். பிறகு அவன் குரல் மாறியது. "அந்தப் பையன் யாரு? எப்ப வந்தான்? முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தான்னு நமக்குத் தெரியுமா? கொஞ்சம் தள்ளியே இரு வைதேகி. பாப்பாவையும் அங்க அனுப்பாத."

அவன் அப்படிச் சொன்னதிலிருந்து அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. விக்னராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகை வேலிக்கு மேல் இன்னும் இரண்டடி உயரத்துக்குச் சட்டம் அடித்தார். அந்த வீட்டு ஜன்னல்களில் திரை இறங்கியே இருந்தது. திரை அசைந்தால் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைப்பாள். அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்று நினைப்பாள். செந்தில் வர அரைமணி நேரம் தாமதமானால் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள்.

ஜூலையில் செந்தில் ஒரு பயிற்சிக்காக வடக்கே போனான். பத்து நாள் போன் கிடையாது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, குளிர் கடுமையாக இருந்த ஒரு காலையில், தெருமுனை மரத்தடியில் ஒருவன் நிற்பதை அவள் கண்டாள். தலையை மூடிய கறுப்பு ஜாக்கெட். கைகள் பைக்குள். அவன் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹரிப்பிரியாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போய்விட்டது. அவன் நகரவில்லை.

"அம்மா, ஸ்கூல் லேட் ஆயிடுச்சு."

"இன்னிக்குப் போக வேணாம். உள்ள போய் உக்காரு. ஜன்னல் பக்கம் வராத."

அந்த அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. வைதேகி திரையின் இடுக்கு வழியாக போனை நீட்டி அவனைப் படம் எடுத்தாள். போனில் வெளிச்சம் பட்டுப் பளிச்சிட்டிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்தான். ஜாக்கெட்டின் தலைமூடி பின்னால் சரிந்தது. சஞ்சீவ். வைதேகி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது மிரட்டல் அல்ல. தன் முகம் அந்த நிமிடம் எப்படி இருந்ததோ அதேபோலத்தான் அவன் முகமும் இருந்தது. அவன் திரும்பி ஓடினான்.

மத்தியானம் வினுஷா வந்து கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"அந்தப் படத்தை அழியுங்கோ. இப்பவே, எனக்கு முன்னால."

வைதேகி அழித்தாள். "அவன் ஏன் அங்க நின்னான் வினுஷா? நானும் குழந்தையும் தனியா இருக்கோம். எனக்கு என்ன தெரியும்?"

"அவன் ஏப்ரல்லயே வீட்டை விட்டுப் போட்டான். உங்கட அவர் இமிகிரேஷனுக்குச் சொல்லிக் குடுப்பார் எண்டு பயம். குளிருக்கு உடுப்பு எடுக்க வந்தவன். உங்கட கார் போகட்டும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவன்."

கார் வாசலிலேயே நின்றது. செந்தில் ராணுவ வண்டியில் போயிருந்தான். வீட்டில் இல்லாத ஒருவனுக்குப் பயந்து அவன் அவ்வளவு நேரம் குளிரில் நின்றிருக்கிறான்.

அந்த வாரமே சஞ்சீவ் சிட்னிக்குப் போய்விட்டான். மெரிலேண்ட்ஸில் யோகேஸ்வரன் என்ற நண்பனோடு தங்கியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. வைதேகி மன்னிப்புக் கேட்க நினைத்தாள். யாரிடம், எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது என்று தெரியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் காலையிலிருந்தே வடக்குக் காற்று அனலாக அடித்தது. ஊரைச் சுற்றிலும் புல் முற்றிக் காய்ந்து நின்ற பருவம். காற்றில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. பள்ளிவிட்டு வந்த ஹரிப்பிரியா தும்மிக்கொண்டே இருந்தாள். ஐந்து மணி வாக்கில் மேற்கே வானம் கறுத்தது. இடி முழங்கியது. காற்று திசை மாறி, ஒரே மூச்சில் குளிர்ந்தது. பெரிய பெரிய துளிகள் விழுந்தன.

ஹரிப்பிரியா பின்கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கீழ உக்காந்திருக்காங்க."

"மழையில ஏன் உக்காரப்போறாங்க?"

"வேலி ஓட்டையில தெரியுதும்மா. எழுந்துக்கவே இல்ல."

வைதேகி வெளியே ஓடி வேலிப் பலகையின் இடைவெளியில் கண்ணை வைத்தாள். ராஜேஸ்வரி அக்கா துணி காயப்போடும் கொடிக்கம்பத்தின் அடியில் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இருந்தார். எடுத்த துணிகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாயைத் திறந்திருந்தார். உள்ளே காற்றுப் போவதாகத் தெரியவில்லை.

"அக்கா! ராஜேஸ்வரி அக்கா!"

பதில் இல்லை. அவர்கள் வீட்டுப் பக்கவாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வைதேகி குப்பைத் தொட்டியைச் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் ஏறி, சட்டத்தைப் பிடித்துத் தாண்டிக் குதித்தாள். ஆணி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அருகே போனால் அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஒவ்வொரு மூச்சும் கதவு கிறீச்சிடுவது போல உள்ளே போனது.

"மூச்சு... ஏலாமல்..."

"ஆஸ்துமா இருக்காக்கா? பம்ப் எங்க இருக்கு?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. அப்படி எதுவும் அவருக்கு வந்ததே இல்லை.

வைதேகி ஆம்புலன்சுக்கு அடித்தாள். வெகுநேரம் ஒலித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். அவள் நிதானமாகப் பேசியதே பயமுறுத்தியது. ஊர் முழுக்க இதே மாதிரி அழைப்புகள் வருகின்றன, வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, அனுப்புகிறோம், எப்போது என்று சொல்ல முடியவில்லை, நிமிர்த்தி உட்கார வையுங்கள், முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள் என்றாள். விக்னராஜா அடிலெய்டு சாலையில் எங்கோ இருந்தார். வினுஷா போனை எடுக்கவில்லை. வைதேகி செந்திலைக் கூப்பிட்டாள்.

"உடனே வாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூச்சு நிக்குது. எங்கயும் நிக்காம வாங்க."

அவன் எங்கும் நிற்கவில்லை. உடை மாற்றவும் நிற்கவில்லை.

அவளுக்கு அது தோன்றவே இல்லை. பக்கவாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அவர் முதுகைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். கார் வந்து நிற்கும் சத்தம். பிறகு சிமெண்ட் பாதையில் பூட்ஸ் ஓடிவரும் சத்தம். ராஜேஸ்வரியின் உடம்பு அவள் கைகளில் விறைத்தது. மழை இருட்டில், புள்ளிப் பச்சைச் சீருடையில் ஒரு பெரிய உருவம் வாசலை அடைத்துக்கொண்டு நுழைந்தது. அது தன் கணவன் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு கணம், வைதேகிக்கே குலை நடுங்கியது.

ராஜேஸ்வரி அவள் பிடியிலிருந்து நழுவினார். மூச்சு இல்லாத அந்த உடம்பு எங்கிருந்தோ பலம் கொண்டு, ஈரத் தரையில் தவழ்ந்து, தோட்டச் சாமான் அறையின் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்..." மீதமிருந்த காற்றையெல்லாம் அவர் அதற்கே செலவழித்தார். "வேண்டாம்..."

"நில்லுங்க" என்றாள் வைதேகி. "கிட்ட வராதீங்க."

"என்ன சொல்ற? அவங்க சாகப்போறாங்க."

"சட்டையக் கழட்டுங்க. பூட்ஸையும்."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு சுவரோரம் இருந்த கண்களைப் பார்த்தான். பதினாறு வருடமாக அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடந்தவன். யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அல்லது பார்த்திருந்தால் அவன் கவனித்ததில்லை. பொத்தான்களைப் பிய்த்தெறிந்தான். குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்தான். நனைந்த முடிச்சு அவிழவில்லை. ஒரு முடிச்சு அவிழ்வதற்குள் ஒரு உயிர் போய்விடும் என்று வைதேகி நினைத்தாள்.

வெள்ளை பனியனோடு, வெறுங்காலோடு வந்து, சற்றுத் தள்ளி அவன் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் செந்தில். வெளிய கார் நிக்குது. நான் உங்களத் தொட மாட்டேன். வைதேகி பிடிச்சுக்குவா. நான் ஓட்ட மட்டும்தான் செய்வேன்."

அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆனால் வைதேகி கை கொடுத்தபோது பிடித்துக்கொண்டார். இரண்டு அடி வைத்ததும் முழங்கால் மடிந்தது. வைதேகியால் தாங்க முடியவில்லை. கடைசியில் செந்தில்தான் தூக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஹரிப்பிரியாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் மருந்துக்கடை வாசலில் செந்தில் வெறுங்காலோடு இறங்கி ஓடினான். உள்ளே வரிசை நின்றது. அவன் கத்தியதில் எல்லோரும் வழிவிட்டார்கள். நீல நிறப் பம்புடன் திரும்பி வந்தான். வைதேகி அதை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்தின் பாதி வெளியே போனது. மறுபடி அழுத்தினாள். "இழுங்கக்கா. கொஞ்சம் இழுங்க." எங்கோ ஒரு நூலளவு மூச்சு உள்ளே போனது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உட்கார இடமில்லை. எல்லா வயதுக்காரர்களும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி முன்னால் குனிந்து, ஒரே மாதிரி இழுத்தார்கள். அந்தச் சத்தம் அறை முழுக்க நிறைந்திருந்தது. புயல் வரும்போது காற்றிலுள்ள புல் மகரந்தம் உடைந்து தூளாகி நெஞ்சுக்குள் போய்விடும், சில வருடங்களில் இப்படி நடக்கும் என்று ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டே சொன்னாள். ராஜேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தவள் உடனே சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஹரிப்பிரியா இருமத் தொடங்கினாள்.

முதல் இருமலுக்கே வைதேகி அவள் முன் மண்டியிட்டாள். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். கூட்டத்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. செந்தில் மகளைத் தூக்கிக்கொண்டு, பார்த்த வெள்ளை உடையிடமெல்லாம் ஓடினான். அவன் முகம் வெளுத்து அவள் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு டாக்டர் நின்று, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, இவளுக்கு லேசாகத்தான் இருக்கிறது என்று மருந்து கொடுத்தார். அரைமணி நேரத்தில் இருமல் நின்றது.

வினுஷா வந்தபோது எட்டு மணி ஆகியிருந்தது. அழைத்த நேரத்தில் அவளும் தன் முதியோர் இல்லத்தில் மூச்சுத் திணறியவர்களோடு போராடிக்கொண்டிருந்தாள். செந்திலின் சேற்றுக் கால்களையும் நனைந்த பனியனையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள், இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் வந்து சொன்னபோது அவள் வைதேகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜேஸ்வரி அக்கா பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். விக்னராஜா மட்டும் வந்து செந்திலின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "பெரிய உதவி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. சஞ்சீவ் சிட்னியிலேயே வேலை தேடிக்கொண்டான். திரும்பி வரவே இல்லை.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செந்தில் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னான். "தூக்கும்போது கட்டை மாதிரி இருந்தாங்க வைதேகி. மூச்சு இல்லாததால இல்ல. என்னால. நாங்க எத்தன ஊருக்குள்ள சோதனைக்குப் போயிருக்கோம். கதவைத் தட்டுவோம், உள்ள பாப்போம், வந்துடுவோம். தப்பா எதுவும் செய்யலன்னுதான் நெனச்சிட்டிருக்கேன். அந்த வீட்டுல எல்லாம் யாராவது இப்படிச் சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னிருப்பாங்கல்ல?"

வைதேகி அவன் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துடைத்தாள். இங்கிருந்து திரும்பினால் அவனுக்கு எல்லைப் பக்கம்தான் போஸ்டிங் என்று பேச்சு இருந்தது. அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும். அவன் உயிருக்குப் பயந்தே பழகியவள், இப்போது அவன் மனதுக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. ராஜேஸ்வரி அக்கா நின்றிருந்தார். மெலிந்து போயிருந்தார். கார் வாசலில்தான் நின்றது. செந்தில் வீட்டில் இருப்பது தெரிந்துதான் வந்திருக்கிறார்.

உள்ளே வந்தவர் சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வாசல் தெரியும்படி உட்கார்ந்தார். செந்தில் கம்பளத்தில் உட்கார்ந்து ஹரிப்பிரியாவின் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான்.

"எழும்பாதேங்கோ தம்பி" என்றார் அவர். குரல் இன்னும் கரகரத்தது. "குறை நினைக்க வேண்டாம். நீங்கள் எழும்பினால் எனக்கு நெஞ்சு அடிக்கும். இருங்கோ."

அவன் உட்கார்ந்தான்.

"நீங்கள் நல்ல பிள்ளை எண்டு எனக்குத் தெரியும். உயிர் தந்தனீங்கள். எண்டாலும் பயம் போகேல்லை. போகும் எண்டு நான் நினைக்கவும் இல்லை. அதைச் சொல்லிப்போட்டுப் போகலாம் எண்டு வந்தனான்."

"சரிக்கா" என்றான் செந்தில். "வந்ததே போதும்."

வைதேகி காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது கொஞ்சம் மடியில் சிந்தியது. அவர் அதைத் துடைத்துக்கொண்டு, வாசலை ஒருமுறை, செந்திலை ஒருமுறை பார்த்தபடி மெதுவாகக் குடித்தார். ஹரிப்பிரியா தன் வகுப்பு டீச்சரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு "ஓமோ?" "பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செந்திலுக்கு மடக்கிய கால் மரத்துப்போயிருந்தது. வைதேகி அதைக் கண்டாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "வாறன் பிள்ளை" என்று சொல்லி வெளியே போகும்வரை அவன் காலை நீட்டவே இல்லை.